பாண்டுக்கு ஒரு மனைவி இருந்தாள்

1981-இல் வெளிவந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' ஒரு கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. கையில் பூக்களோடு நடந்து வரும் ரோஜர் மூர் ஒரு கல்லின் முன் நின்று குனிந்து பூக்களை வைக்கிறார். 'தெரேசா பாண்ட், 1943–1969, ஜேம்ஸ் பாண்டின் அன்பு மனைவி' என்று அதில் பொறித்திருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'நமக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது.' பாதிரியார் விரைந்து வந்து, அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள், ஹெலிகாப்டர் அனுப்புகிறார்கள் என்கிறார். பாண்ட் ஏறிப் போகிறான். பாதிரியார் சிலுவைக் குறியிடுகிறார். அடுத்த சில நிமிடங்களில் அந்த மனைவியைக் கொன்றவனைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கிக்குள் பாண்ட் போட்டுவிடுகிறான். உயிர்ப்பிச்சை கேட்கும் அந்த மொட்டைத்தலை வில்லன், உனக்கு ஓர் உணவுக்கடையே வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சுகிறான். அவனுடைய பெயரைப் படம் சொல்வதே இல்லை. புளோஃபெல்ட் என்ற பெயரின் உரிமை அப்போது சட்டச் சிக்கலில் இருந்தது.

சென்ற மாதம் இந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்து, "இந்த ஆளுக்குக் கல்யாணம் வேற ஆச்சா?" என்று கேட்டார். ஆயிற்று, ஆனால் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை என்று சொன்னேன். அந்தக் கேள்விக்கு முழுப் பதிலைச் சொல்ல முயன்றபோதுதான், இயான் நிறுவனம் 1962 முதல் 2021 வரை எடுத்த 25 பாண்ட் படங்களையும், அவற்றில் பாண்டாக நடித்த ஆறு பேரையும் ஒப்பிட என்னிடம் இதுவரை சரியான அளவுகோல் இருந்ததில்லை என்பது எனக்கே புரிந்தது. யாருக்குக் கோட்டு நன்றாகப் பொருந்துகிறது, யார் நன்றாகச் சண்டை போடுகிறார், யாருடைய கார் அழகு என்றெல்லாம் நண்பர்களோடு இருபது வருடங்களாக வாதாடியிருக்கிறேன். அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அந்த இறந்துபோன பெண்ணின் நினைவு எதிரே வந்து நிற்கும்போது ஒவ்வொரு நடிகரும் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் வரிசை வேறு மாதிரி அமைகிறது.

அந்தப் பெண் வரும் படம் 1969-இல் வெளிவந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்'. ஷான் கானரி விலகிக்கொண்ட பிறகு, ஆஸ்திரேலியாவில் கார் விற்பனையாளராக இருந்து, லண்டனுக்கு வந்து விளம்பரங்களில் தோன்றிக்கொண்டிருந்த ஜார்ஜ் லேசன்பி என்ற இளைஞரைப் பாண்டாக்கினார்கள். அதற்கு முன்பு நடிகர் என்று சொல்லிக்கொள்ளும்படி அவர் எதுவும் செய்திருக்கவில்லை. படத்தின் நடுப்பகுதியில் பாண்ட் வேறொருவராக வேடமிட்டிருக்கும் காட்சிகளில் அவருடைய குரலே இல்லை. அந்த வேறொருவராக நடித்த ஜார்ஜ் பேக்கரின் குரலைப் போட்டார்கள். முதல் காட்சியில் தான் காப்பாற்றிய பெண் காரில் ஏறிப் பறந்துவிட, 'அந்த இன்னொருத்தருக்கு இப்படியெல்லாம் நடந்ததே இல்லை' என்று கேமராவின் பக்கம் முணுமுணுக்கிறார். புதியவர் என்பதைத் தானே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளும் அந்தக் கூச்சத்துக்காகவே லேசன்பியை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நடிப்பு தெரியாதவர் என்று அவரை ஒதுக்குபவர்களுக்கு நான் எப்போதும் ஒரு காட்சியைத்தான் சொல்வேன். ஆல்ப்ஸ் மலையுச்சியிலிருந்து தப்பி இறங்கிய பாண்ட், பின்னால் துரத்துபவர்களிடமிருந்து ஒளிவதற்காக, கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும் ஓர் ஊருக்குள் நுழைகிறான். கூட்டமும் வாணவேடிக்கையுமாக ஊரே மகிழ்ந்திருக்க, பனிக்கரடி வேடமிட்ட ஒருவன் திடீரென்று முன்னால் குதித்ததும் பாண்ட் வெலவெலத்துப் போகிறான். பிறகு பனிச்சறுக்குத் திடலின் ஓரத்தில், கோட்டின் கழுத்துப் பட்டையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு, இனி ஓட முடியாது என்பதுபோலத் தலை குனிந்து உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்கு முன்னால் சறுக்குக் காலணி அணிந்த இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன. கேமரா மெல்ல மேலே போகிறது, அது டிரேசி, அந்தக் கல்லில் பெயர் பொறித்திருக்கும் தெரேசா. டிரேசியாக நடித்த டயானா ரிக் அந்த இடத்தில் சிரிக்கும் சிரிப்பையும், அதை அண்ணாந்து பார்க்கும் லேசன்பியின் முகத்தில் நிறைந்திருக்கும் வெறும் களைப்பையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பெண்ணை அவன் ஏன் மணக்கிறான் என்பதற்கு வசனமே தேவைப்படுவதில்லை. கானரியால் செய்ய முடியாததென்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று, பயந்த முகத்தோடு ஒரு பெஞ்சில் உட்காருவது.

திருமணம் நடக்கிறது. பாண்டின் அலுவலகச் செயலாளர் மணிபென்னி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பாண்ட் தன் தொப்பியை அவளை நோக்கி வீசுகிறான். காரில் சுற்றியிருக்கும் பூக்களை எடுப்பதற்காக அவன் சாலையோரமாக நிறுத்தியபோது, இன்னொரு கார் கடந்து போகிறது, அதிலிருந்து சுடுகிறார்கள். புளோஃபெல்ட்தான் என்று கத்திக்கொண்டு உள்ளே ஏறியவன், பக்கத்தில் சாய்ந்திருப்பவளைப் பார்க்கிறான். விசாரிக்க வரும் போலீஸ்காரரிடம், ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கிறாள், சீக்கிரம் கிளம்பிவிடுவோம், அவசரமில்லை, எங்களுக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்கிறான். முதல் முறை எடுத்தபோது தான் அழுதுவிட்டதாகவும், பாண்ட் அழமாட்டான் என்று சொல்லி இயக்குநர் பீட்டர் ஹன்ட் மறுபடி எடுத்ததாகவும் லேசன்பி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழாமல் எடுத்ததுதான் படத்தில் இருக்கிறது. கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டையோடு படம் முடிகிறது. முடிந்த கணமே அந்தப் புகழ்பெற்ற பாண்ட் இசை தடதடவென்று வந்து விழுகிறது.

இந்த மரணத்துக்குப் பின்னால் ஒரு துக்கம் வந்திருக்க வேண்டும்; பாண்டைப் படைத்த எழுத்தாளர் ஃபிளெமிங்கின் நாவல்களில் வரவும் செய்தது. மனைவி இறக்கும் நாவல் 1963-இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' நாவலில் பாண்ட் நொறுங்கிப்போன மனிதனாக இருக்கிறான், வேலையில் தவறுகிறான், ஜப்பானுக்கு அனுப்பப்படுகிறான். ஆனால் படமாக்கியவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். இரண்டாவது நாவலை 1967-இலேயே, துக்கத்துக்குக் காரணமே நடப்பதற்கு முன்பு, தலைப்பையும் ஜப்பானையும் மட்டும் வைத்துக்கொண்டு கானரியை வைத்து எடுத்து முடித்திருந்தார்கள். அதில் எரிமலைக்குள் வில்லனின் கோட்டையாகக் கென் ஆடம் அமைத்த அரங்கம் பிரமாதம்தான்; மனைவியை இழந்தவனின் கதைக்கு அங்கே இடமில்லை. முந்தைய படத்தில் நேருக்கு நேர் பார்த்த பாண்டை 1969-இல் புளோஃபெல்டுக்கு அடையாளமே தெரியாமல் போவதும் இந்தத் தலைகீழ் வரிசையால்தான். ஆக, 1969-க்குப் பிறகு துக்கத்தைச் சொல்ல வேண்டிய கதை கையிருப்பில் இல்லை. லேசன்பியும் ஒரே படத்தோடு விலகிவிட்டார்.

தயாரிப்பாளர்கள் கானரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள், 12.5 லட்சம் டாலர் சம்பளம், அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. அந்தப் பணத்தைக் கொண்டு ஸ்காட்லாந்தில் ஒரு கல்வி அறக்கட்டளையை அவர் தொடங்கினார் என்பது அவர் பெயருக்குப் பெருமை. 1971-இல் அப்படி வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படம் மட்டும் யாருக்கும் பெருமையில்லை. தொடக்கத்தில் பாண்ட் ஒவ்வொருவராக அடித்து உதைத்து புளோஃபெல்ட் எங்கே என்று கேட்கிறான். எதற்காகத் தேடுகிறான் என்று ஒரு வார்த்தை இல்லை. அதைவிடக் கொடுமை, ஹாலந்துக்குக் கிளம்புபவனிடம் அந்த மணிபென்னி, அதாவது அவன் திருமணத்தில் கண்ணீர் விட்ட அதே பெண், எனக்கு ஒரு வைரம் கொண்டு வாருங்கள், மோதிரத்தில் பதித்து என்று கொஞ்சுகிறாள். துலிப் பூ போதாதா என்று அவன் கேட்கிறான். மனைவி செத்து இரண்டே வருடம். எழுதியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் ஒரு கணம்கூட உறுத்தவில்லை.

இதைச் சொல்லிக் கானரியைக் கீழே இறக்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய பாண்ட் வேறு வகை. எடின்பரோவில் பால் வண்டி ஓட்டியவரை இயக்குநர் டெரன்ஸ் யங் தன்னுடைய தையல்காரரிடம் அழைத்துப் போய், கோட்டுப் போடவும் நடக்கவும் பழக்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. 'டாக்டர் நோ'வில் இரவில் இருட்டு அறையில் தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டு, தன்னைக் கொல்ல வரும் பேராசிரியர் டென்ட்டுக்காகக் காத்திருக்கிறாரே, அந்தக் காட்சியில் அவரைப் பாருங்கள். டென்ட் வந்து, படுக்கையில் ஆள் இருப்பதாக நினைத்துத் தலையணையில் ஆறு குண்டுகளைச் சுட்டுவிடுகிறான். பிறகு பேச்சுக்கு நடுவே துப்பாக்கியை எடுத்து விசையை அழுத்துகிறான்; வெறும் 'கிளிக்'. உன் ஆறும் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஆயுதமற்றவனை இரண்டு முறை சுட்டுக் கொல்கிறார் கானரி, முகத்தில் ஒரு தசைகூட அசையாமல். இவன் யாரையும் இழக்காதவன், இழப்பதற்கு யாரையும் வைத்துக்கொள்ளாதவன். டிரேசியின் கணவனாக இவனைக் கற்பனை செய்து பார்த்தேன், முடியவில்லை. 1971-இன் குற்றமே, இப்படிப்பட்டவன் தலையில் கைம்மையைக் கட்டிவிட்டதுதான்.

ரோஜர் மூரைப் பற்றி எழுதும்போது நான் பழைய கடனைத் தீர்க்கிறேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளி நாட்களில் அவர் ரசிகனாக இருந்துவிட்டு, கல்லூரிக்குப் போனதும் அவரைக் கிண்டல் செய்யத் தொடங்கியவன் நான். புருவத்தை உயர்த்துவதே நடிப்பு, ஒவ்வொரு பிணத்துக்கும் ஒரு ஜோக், கடைசிப் படமான 'எ வியூ டு எ கில்' வந்தபோது வயது 57 என்று பட்டியல் வைத்திருந்தேன். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் 1977-இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ'யில், மதுக்கூடத்தில் ரஷ்ய உளவாளி அன்யாவும் பாண்டும் ஒருவர் மற்றவரைப் பற்றிய உளவுக் கோப்பில் இருப்பதை ஒப்பித்துக் காட்டிப் போட்டி போடும் காட்சி வருகிறது. தோழிகள் பலர், ஆனால் திருமணம் ஒருமுறைதான், மனைவி கொல்லப்பட்டார் என்று அவள் அடுக்கிக்கொண்டு போக, மூர் இடைமறித்து, போதும், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாய் என்று நிறுத்துகிறார். நீங்கள் இதற்கெல்லாம் கலங்குவீர்களா என்று அவள் கேட்க, சில விஷயங்களுக்குக் கலங்குவேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். புருவம் அசையவில்லை. எப்போதும் சிரிக்க வைப்பவர் ஒரு கணம் சிரிப்பை நிறுத்தினால் அதற்கு எவ்வளவு கனம் வந்துவிடுகிறது என்பதை அந்தச் சில நொடிகளில் பார்க்கலாம். லேசன்பிக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கழித்து முதன்முதலாக டிரேசியை நினைவுகூர்ந்தவர் மூர்தான். கல்லறைக்குப் பூ வைத்த ஒரே பாண்டும் அவர்தான்.

அதே மூர்தான் 'ஆக்டபஸி'க்காக உதய்பூருக்கும் வந்தார். அதில் பாண்டின் இந்திய உதவியாளராக வருபவர் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். பாத்திரத்தின் பெயரும் விஜய். ஆட்டோ துரத்தலில் அவர் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுகிறார். தெருக்கூட்டம் ஆட்டம் பார்ப்பதுபோல இடமும் வலமுமாகத் தலையைத் திருப்புகிறது. நம்மூர்க்காரர் என்ற பெருமையில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆனால் சூதாடி வென்ற பணத்தில் ஒரு கட்டை விஜயிடம் கொடுத்து, சில வாரங்களுக்குக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்று பாண்ட் சொல்லும் இடம் வரும்போது பெருமை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். விஜய் கொல்லப்பட்ட பிறகு அவனுக்காக ஒதுக்கப்பட்ட துக்கம் மிகக் குறைவு. மூரின் பாண்டுக்குக் கலங்கும் விஷயங்கள் சிலதான் என்று அவரே சொல்லிவிட்டார் அல்லவா.

டிமத்தி டால்டன் இரண்டு படங்களே செய்தார். என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டில்தான் அந்த மரணம் உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேர்ந்த அவர் ஃபிளெமிங்கின் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்தவர். 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தில் வியன்னாவின் பொழுதுபோக்குப் பூங்காவில், அதுவரை எரிச்சலூட்டிக்கொண்டிருந்த சக அதிகாரி சாண்டர்ஸ் பாண்டுக்கு உதவிவிட்டு எழுந்து போகும்போது, கொலைகாரன் வைத்த பொறியில் கண்ணாடிக் கதவு மோதி இறந்துபோகிறான். கொலைச் செய்தி எழுதிய ஒரு பலூன் தரையில் உருண்டு வருகிறது. டால்டன் அதை எடுத்து, விரல்கள் இறுகி, கையிலேயே வெடிக்க வைக்கிறார். உடனே பலூன் தெரிந்த திசையில் துப்பாக்கியோடு ஓடுகிறார்; அங்கே இருப்பது ஒரு குழந்தை. மற்ற ஐவரில் யார் இதைச் செய்திருந்தாலும் அது ஒரு திருப்பமாக மட்டும் இருந்திருக்கும். டால்டனிடம், இவன் சீக்கிரம் தவறான ஆளைச் சுட்டுவிடுவான் என்ற பயம் நமக்கு வருகிறது.

1989-இல் வந்த 'லைசன்ஸ் டு கில்'லில் நண்பன் ஃபீலிக்ஸின் திருமணம். மணப்பெண் டெல்லா, அடுத்த கல்யாணம் உங்களுக்குத்தான் என்ற விளையாட்டில் தன் கால்பட்டியைப் பாண்டிடம் வீசுகிறாள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிளம்ப நேரமாகிவிட்டது என்று நகர்கிறான். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று டெல்லா கேட்க, அவனுக்கும் ஒருமுறை திருமணமானது, ரொம்ப காலத்துக்கு முன்பு என்கிறான் ஃபீலிக்ஸ். அவ்வளவுதான், பெயர்கூடச் சொல்லப்படவில்லை. அன்றிரவே டெல்லா கொல்லப்படுகிறாள், ஃபீலிக்ஸைச் சுறாவிடம் போடுகிறார்கள். மணநாளிலேயே சாகும் இரண்டாவது மணப்பெண்ணைப் பார்த்தவன் வேலையை உதறிவிட்டுப் பழிவாங்கப் போவதில் என்ன வியப்பு? 1971-இல் வந்திருக்க வேண்டிய படம் பதினெட்டு ஆண்டுகள் தாமதமாக, வேறொரு பெண்ணின் பெயரில் வந்துவிட்டது என்றே இதை நான் பார்க்கிறேன். அமெரிக்காவில் அந்தப் படம் சரியாக ஓடவில்லை. அதன் பிறகு நிறுவனங்களுக்கிடையே வழக்கு வர, ஆறு ஆண்டுகள் பாண்ட் படமே இல்லை, டால்டனும் போய்விட்டார்.

பியர்ஸ் பிராஸ்னன் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஏனென்றால் அந்தத் துக்கத்தை நடிப்பதற்கு ஆறு பேரிலும் உரிமை மிகுந்தவர் அவர். அவருடைய முதல் மனைவி கசாண்ட்ரா ஹாரிஸ், மூர் பூ வைக்கும் அதே 1981 படத்தில் நடித்தவர். 1991-இல் புற்றுநோயால் இறந்தார். நான்கு ஆண்டுகளில் பிராஸ்னன் பாண்டானார். 'கோல்டன்ஐ'யில், நீ காப்பாற்றத் தவறிய பெண்களுக்கான மன்னிப்பை மற்றப் பெண்களின் கைகளில் தேடுகிறாயா என்று வில்லனான பழைய நண்பன் குத்துகிறான். பிராஸ்னனின் கண்கள் ஏதோ சொல்ல வருகின்றன, அதற்குள் அடுத்த வெடிகுண்டு. 1999 படத்தின் தலைப்பான 'தி வேர்ல்டு இஸ் நாட் எனஃப்', 1969 படத்தில் பாண்டின் குடும்ப முத்திரை வாசகமாகச் சொல்லப்படுவது. அதில் எலெக்ட்ரா அவனிடம், நீங்கள் நேசித்த யாரையாவது இழந்திருக்கிறீர்களா என்று கேட்கிறாள். அவன் ஒரு கணம் தயங்கி, பேச்சை வேலைக்குத் திருப்புகிறான். பிறகு அவளே வில்லி என்று தெரிந்து, என்னைச் சுடமாட்டாய் என்று சிரிப்பவளைச் சுட்டுவிட்டு, குனிந்து அவள் தலையைத் தொடுகிறான். அந்தக் கை போதும், இவரிடம் என்ன இருந்தது என்று தெரிய. அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டியவர்கள் அடுத்த படத்தில் அவருக்குக் கண்ணுக்குத் தெரியாத காரைக் கொடுத்தார்கள்.

டேனியல் கிரெய்கோடு கணக்கு அழிக்கப்பட்டது. 2006-இல் 'கசினோ ராயல்' பாண்டின் முதல் நாட்களிலிருந்து கதையைத் தொடங்கியதால், டிரேசி என்ற ஒருத்தி இருந்ததே இல்லை என்றாகிவிட்டது. அவளுடைய இடத்தில், பாண்ட் காதலிக்கும் பெண்ணாக, வெஸ்பர். மாடிப்படியில் இரண்டு பேரைக் கொன்ற பிறகு, நனைந்த உடையோடு குளியலறைத் தரையில் நடுங்கிக்கொண்டிருக்கும் வெஸ்பரின் பக்கத்தில் சட்டையோடு உட்கார்ந்து, தண்ணீரைச் சூடாக்கித் தருகிறானே, அந்தப் பாண்ட் சறுக்குத் திடலில் உட்கார்ந்திருந்தவனின் நேர் வாரிசு. ஐந்து படங்களிலும் ஒரே மனிதனாக, முந்தைய காயத்தை அடுத்த படத்துக்குச் சுமந்து வந்தவர் கிரெய்க் மட்டுமே. மற்றவர்களுக்கு இந்த வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை என்பதால், இதில் அவருக்கு எவ்வளவு மதிப்பெண், எழுதியவர்களுக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் 2021-இல் வந்த 'நோ டைம் டு டை'யை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இத்தாலியின் மலைச்சாலையில் காதலி மேடலினோடு போகும் பாண்ட், நமக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்கிறான். அது டிரேசியின் கல்லறையில் இருக்கும் வரி. பின்னணியில் வருவதும் டிரேசிக்காக ஜான் பாரி அமைத்த மெட்டு. இல்லவே இல்லை என்று அழித்துவிட்ட பெண்ணின் நகைகளை எடுத்து அடுத்தவளுக்குப் பூட்டியதுபோல இருந்தது. இரண்டாவது முறை பார்த்தபோது அந்தக் கோபம் கடைசிவரை தாங்கவில்லை. ஏவுகணைகள் வந்துகொண்டிருக்க, தீவில் தனியாக நிற்கும் கிரெய்க் அதே வரியை 'உனக்கு' என்று மாற்றி மேடலினிடம் சொல்கிறார். இந்த முறை சாவது பாண்ட், பிழைப்பது பெண். அவள் குழந்தையோடு காரை ஓட்டிக்கொண்டு குகைப்பாதைக்குள் போக, 1969-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய அதே பாட்டு தொடங்குகிறது. கண்ணாடியில் துளை இல்லாத கார். அதன் மேல், 52 வருடங்களுக்கு முன்பு தடதடவென்று பாண்ட் இசை வந்து விழுந்த இடத்தில், அந்தப் பாட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு 1969 படத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியில் துளை தெரிந்ததும், என் வழக்கப்படி, இசை வருவதற்குள் ஒலியை அணைத்துவிட்டேன். பெயர்கள் சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தன. எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். போடட்டுமா என்று ரிமோட்டை எடுத்தேன், வேண்டாம் என்றார்.